பாலா போட்ட மூன்று முட்டை

மாதங்கியின் அப்பா விஸ்வநாத் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். கத்திரிக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். புதுக் குடை வாங்கினால் குளியலறை ஷவருக்குக் கீழே விரித்துப் பிடித்து ஐந்து நிமிடம் நிற்பார். அதன் பிறகுதான் அந்தக் குடைக்கு வெளியே போக அனுமதி. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் அவருடைய உத்தியோகம். வீட்டில் இருந்தபடியே வேலை பார்த்ததால், பிழை கண்டுபிடிக்கும் பழக்கம் வீடு முழுவதும் பரவிவிட்டது.

அப்படிப்பட்டவர் குடியிருக்க ஒரு ஊரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் சும்மா இருப்பாரா?

விஷயம் இதுதான். மாதங்கியின் அம்மா ரமா கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஹைதராபாத்தின் நாச்சாரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டே, மூன்று வருடமாகப் பல்கலைக்கழக வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டு வந்தார். தெய்வம் கொடுத்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்களே, அப்படி ஒரே மாதத்தில் மூன்று இடங்களிலிருந்து "வேலையில் சேரலாம்" என்று கடிதம் வந்துவிட்டது. ஒன்று சிதம்பரம், ஒன்று மணிப்பால், இன்னொன்று காரைக்குடி. மூன்றுமே பல்கலைக்கழகம் இருக்கும் சின்ன ஊர்கள். திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும்.

அப்பா நான்கு தாள்களை ஒட்டி ஒரு பெரிய அட்டவணை தயாரித்தார். மேலே கொட்டை எழுத்தில் 'குடும்பத்துக்கு ஏற்ற ஊர் எது?' என்று தலைப்பு. கீழே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில் வசதி, குடிநீர், பூங்கா, நூலகம், கொசு என்று இருபத்து மூன்று வரிசைகள். ஒவ்வொரு ஊர்ப் பெயருக்குக் கீழேயும் அந்தப் பல்கலைக்கழகத்தின் படங்களை அச்செடுத்து ஒட்டினார். அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. அன்றிலிருந்து யாராவது தயிர் எடுக்கப் போனால்கூட மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மாலை அப்பா சொன்னார். "கடைசி வரிசை நம்ம மார்க். ஆளாளுக்கு ஒவ்வொரு ஊருக்கும் பத்துக்கு மார்க் போடணும். பெரியவங்க, சின்னவங்கன்னு வித்தியாசம் இல்ல. நாலு பேர் ஓட்டும் சமம்."

அம்மா மூன்று ஊருக்கும் எட்டு, எட்டு, எட்டு என்று போட்டார்.

"இது மார்க்கா, போன் நம்பரா?" என்றார் அப்பா.

"எனக்கு எந்த ஊரா இருந்தாலும் சந்தோஷம்தாங்க" என்றார் அம்மா. சொல்லும்போதே அவர் முகம் பூரித்திருந்தது.

மாதங்கி யோசித்து யோசித்துப் போட்டாள். பதினோரு வயதுக்குள் அவள் வேறு எந்த ஊரிலும் இருந்ததில்லை. ஹைதராபாத்தை விட்டுப் போக அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அம்மா அந்தக் கடிதங்களைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது எடுத்து எடுத்துப் படிப்பதை அவள் பார்த்திருந்தாள். அதனால் தாராளமாகவே ஏழு, எட்டு, ஏழு என்று எழுதினாள். மணிப்பாலுக்கு ஒரு மார்க் அதிகம், பக்கத்தில் கடல் இருப்பதற்காக.

அடுத்தது பாலா. அவனுக்கு ஏழு வயது. சிவப்பு கிரேயானை எடுத்து, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, அழகாக வட்டமாக மூன்று முட்டை போட்டான்.

"டேய், பத்துக்கு சைபரா?" என்று மாதங்கி கத்தினாள்.

"ஹவ்" என்றான் பாலா. அவர்கள் குடியிருந்த மெட்டுகுடா தெருவில் பிள்ளைகளுக்கு ஆமாம் என்றால் ஹவ். வேண்டாம் என்றால் நக்கோ. பாலா பேசும் தமிழில் பாதி இப்படித்தான் இருக்கும்.

"ஏன்டா கண்ணா?" என்று அம்மா கேட்டார்.

"நக்கோ. நான் வரல."

"எந்த ஊருக்கு வரல?"

"மூணுத்துக்கும் நக்கோ." அதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. போர்வைக்குள் புகுந்துகொண்டான்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மா அப்பாவிடம் மெதுவாகப் பேசுவது மாதங்கியின் காதில் விழுந்தது.

"சின்னப் புள்ள மனசு நோக வச்சுட்டு நான் அங்க போய் என்ன பாடம் நடத்தறது? மூணு இடத்துக்கும் வரலன்னு எழுதிடறேங்க. டியூஷன் சென்டர் இருக்கவே இருக்கு."

அம்மா கைப்பையைத் திறந்து, கடிதங்களை எடுத்து, அலமாரியில் பழைய கரண்ட் பில்லுக்கு அடியில் வைத்தார்.

மாதங்கி கதவோரம் நின்று அதைப் பார்த்தாள். மூன்று வருடம்! எத்தனை நேர்காணல், எத்தனை ரயில் பயணம்! இந்தப் பயலின் மூன்று முட்டையில் எல்லாம் போய்விடுமா? காரணத்தை நாளைக்குள் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தாள். என்ன இருந்தாலும் அவள் விஸ்வநாத்தின் மகள் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பித்தாள்.

"நஸ்ரினை விட்டுட்டுப் போகணுமேன்னு கவலையா?" நஸ்ரின் கீழ் வீட்டுப் பெண், பாலாவின் வகுப்புத் தோழி.

"அவ லீவுக்கு அங்க வருவா. அவ அம்மா ஓகே சொல்லிட்டாங்க."

"அப்போ புது ஸ்கூல்னு பயமா?"

"நக்கோ."

"ஊசி போடுவாங்கன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"நீ போ அக்கா."

சரி, லஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம் என்று தன் பங்கு உஸ்மானியா பிஸ்கட் நான்கையும் கொடுத்தாள். பாலா நான்கையும் பாலில் தோய்த்துச் சாப்பிட்டான். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். பிஸ்கட் போனதுதான் மிச்சம்.

மாலை ஐந்து மணி ஆயிற்று. பாலா வழக்கம்போல பால்கனியில் போய் நின்றான். தினமும் அந்த நேரத்துக்கு லாலாகுடா ரயில்வே பணிமனையிலிருந்து வேலை முடிந்தவர்கள் சைக்கிளில் அந்தத் தெரு வழியாகப் போவார்கள். பாலா எல்லோருக்கும் கையாட்டுவான். அவர்களில் நீலச் சட்டைக்காரர் ஒருவர், அவனைக் கண்டதும் இரண்டு முறை மணி அடிப்பார். அந்த இரண்டு மணிக்காக அவன் பாதி இட்லியைத் தட்டில் விட்டுவிட்டு ஓடி வருவான்.

ஞாயிற்றுக்கிழமை பணிமனைக்கு விடுமுறை. தெரு வெறிச்சென்று இருந்தது. பாலா கம்பியில் தாடையை வைத்துக்கொண்டு நின்றான்.

"சண்டே நல்லாவே இல்லக்கா. யாருமே இல்ல" என்றான்.

"நாளைக்கு வருவாங்கடா."

"இங்க வருவாங்க. அந்த ஊர்ல தினமும் சண்டேதானே?"

மாதங்கிக்குப் புரியவில்லை. "யார் சொன்னாங்க?"

பாலா அவள் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் முன்னால் கூட்டிக்கொண்டு போனான். அப்பா ஒட்டிய படங்களைக் காட்டினான். "பாரு. யாராச்சும் இருக்காங்களா?"

மாதங்கி பார்த்தாள். சிதம்பரத்துப் படத்தில் நீளமான சாலை. அதில் ஒருவரும் நடக்கவில்லை. மணிப்பால் படத்தில் பெரிய கட்டடம், பச்சைப் புல்வெளி. புல்லில் ஒருவரும் உட்காரவில்லை. காரைக்குடிப் படத்தில் ஒரு வாசல் வளைவு, ஒரு மரம். மரத்தில் ஒரு காக்காய்கூட இல்லை. ஒன்பது படம் இருந்தது. ஒன்பதிலும் ஆளைத் தேடினாலும் கிடைக்கவில்லை.

ஒரு வாரமாக இந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே தயிர் எடுத்திருக்கிறாள். அவளுக்கு இது தோன்றவே இல்லை!

"டேய் மண்டு, படம் எடுக்கறப்ப ஆளுங்களைத் தள்ளிப் போகச் சொல்லிட்டு எடுப்பாங்கடா."

"ஏன் தள்ளிப் போகச் சொல்றாங்க?"

மாதங்கி இன்னொரு முறை படங்களைப் பார்த்தாள்.

"நீ அங்க ஆளைப் பாத்தியா?" என்று பாலா கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "அம்மா காலேஜுக்குப் போய்டுவாங்க. அப்பா கம்ப்யூட்டர்ல இருப்பாரு. நீ படிப்ப. நான் யாருக்குக் கையாட்டுறது?"

மாதங்கிக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டியும் கொண்டாள். பிறகு அட்டவணையை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்து மூன்று வரிசை. கொசுவுக்குக்கூட ஒரு வரிசை இருந்தது. ஆளுக்கு இல்லை.

ஆட்கள் இருக்கிறார்கள் என்று வெறுமனே சொன்னால் அவன் நம்ப மாட்டான். அவனும் விஸ்வநாத்தின் பிள்ளைதானே! காட்ட வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை யாரைப் பிடிப்பது? பல்கலைக்கழக அலுவலகம் பூட்டியிருக்கும்.

அப்போதுதான் அவளுக்கு அம்மா ஆய்வேடு எழுதிய நாட்கள் ஞாபகம் வந்தன. அச்செடுக்க, பைண்டிங் போட என்று அம்மாவோடு ஜெராக்ஸ் கடையில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை காத்திருந்திருக்கிறாள்! "யூனிவர்சிட்டியே தூங்கினாலும் வாசல்ல இருக்கற ஜெராக்ஸ் கடை தூங்காது" என்று அம்மா சொல்வார்.

"அப்பா, ஒரு கடைக்குப் போன் பண்ணிக்கட்டுமா?"

அப்பா கணினியிலிருந்து தலையைத் திருப்பாமலே, "ம்" என்று போனை நீட்டினார். மளிகைக் கடை என்று நினைத்திருப்பார்.

போன் வரைபடத்தில் தேடினால் மூன்று ஊரிலும் ஜெராக்ஸ் கடை இருந்தது, நம்பரும் இருந்தது. முதலில் சிதம்பரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அடுத்து மணிப்பால். எடுத்தவர் இந்தியில், "கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா? எவ்வளவு வேணும்?" என்று கேட்டார். மாதங்கியும் இந்தியிலேயே, "எனக்கு மனுஷங்க வேணும் அங்கிள்" என்றாள். "மனுஷங்களை ஜெராக்ஸ் எடுக்கறது இல்லம்மா" என்று சிரித்துவிட்டு அவர் வைத்துவிட்டார்.

மூன்றாவது காரைக்குடி.

"ஸ்டெல்லா ஜெராக்ஸ். சொல்லுங்க." ஒரு பெண் குரல். பின்னால் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் ஹைதராபாத்லேர்ந்து மாதங்கி பேசறேன். ஒரு சந்தேகம் கேக்கணும். உங்க ஊர்ல ஆளுங்க இருக்காங்களா?"

இயந்திரம் நின்றது.

"என்னத்தா இப்புடிக் கேட்டுப்புட்ட! அப்ப நான் யாரு, பேயா?"

மாதங்கிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அம்மாவின் வேலை, பாலாவின் மூன்று முட்டை, ஆளில்லாத படங்கள், சைக்கிள்காரரின் இரண்டு மணி என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டெல்லா அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வாஸ்தவந்தான். அந்தப் படத்த நானும் பாத்துருக்கேன். ஈ, காக்கா இருக்காது" என்றார். "இந்தா பாருத்தா, இப்ப வெயிலு. அரை மணி போகட்டும், எல்லாரும் வெளிய வந்துருவாக. அம்மா அப்பாவப் பக்கத்துல வச்சுக்கிட்டு வீடியோல கூப்புடு. பெரியவுக இல்லாம கூப்புடக் கூடாது, தெரிஞ்சுச்சா?"

மாதங்கி ஓடிப் போய் நடந்ததைச் சொன்னாள். அப்பா, "முன்ன பின்ன தெரியாதவங்களுக்கா போன் பண்ணே?" என்று முறைத்தார். அம்மா முறைக்கவில்லை. ஃபிரிட்ஜ் முன்னால் போய் ஒன்பது படங்களையும் ஒரு முறை பார்த்தார். பிறகு பாலாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "கூப்பிடு மாதங்கி" என்றார்.

திரையில் ஒரு சிரித்த முகம் தெரிந்தது. காதோரம் பென்சில் செருகியிருந்தது. "வாங்க, வாங்க! எங்க அந்த முட்டைக்காரரு?"

பாலா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"சரி, நீங்க பாக்க வேணாம். நான் சும்மா நடக்குறேன்." ஸ்டெல்லா அக்கா கடையை விட்டு இறங்கினார். டீக்கடையில் மாணவர்கள் கூட்டமாக நின்று வடை தின்றார்கள். பள்ளத்தில் சிக்கிய தள்ளுவண்டியை இரண்டு பேர் தூக்கி விட்டார்கள். ஒரு அம்மா சின்னப் பெண்ணின் சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். பாலாவின் ஒரு கண் மட்டும் வெளியே வந்தது.

பெரிய மதில் ஓரமாகப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜெராக்ஸ் கடைக் காகிதப் பெட்டிதான் ஸ்டம்ப். ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டதும் மொத்தக் கூட்டமும் போனுக்குள் தலையை விட்டது. திரை முழுக்க மூக்கும் பல்லுமாக இருந்தது.

"ஊருல ஆளே இல்லைன்னு சொன்னது நீதானா?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் பெயர் கணேஷ்குமார். "நாங்க இங்க ஒம்பது பேரு இருக்கோம்ல! உனக்குப் பௌலிங் தெரியுமா?"

பாலாவின் முகம் முழுவதும் வெளியே வந்தது. "ஹவ். லெஃப்ட் ஹேண்டு."

"ஹவ்வுன்னா என்னடா?"

"ஹவ்னா ஆமா."

"ஹவ்! ஹவ்! ஹவ்!" என்று அங்கே ஒன்பது பேரும் குதித்தார்கள். கணேஷ்குமார் அவர்களை அடக்கிவிட்டு, "எங்க டீம்ல லெஃப்ட் ஹேண்டே இல்லடா. எப்ப வர்ற?" என்று கேட்டான்.

பாலா அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "எப்பம்மா போறோம்?"

அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"டீச்சரம்மா, வந்து சேருங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா. "வீடு பாக்கணும்னா சொல்லுங்க, நாலு எடத்துல கேட்டு வைக்கிறேன்."

அப்பா அவசரமாகப் போனுக்குள் எட்டிப் பார்த்தார். "மேடம், கொசு எப்படி?"

"அதுவும் இருக்கு சார். அதுவும் நல்லா ஆள் பாத்துத்தான் வருது!"

போனை வைத்ததும் பாலா ஃபிரிட்ஜுக்கு ஓடினான். சிவப்பு கிரேயானை எடுத்தான். காரைக்குடிக்கு நேராக இருந்த முட்டைக்கு முன்னால் நேராக ஒரு கோடு போட்டான். பத்து!

"மத்த ரெண்டு ஊருக்கும்?" என்று மாதங்கி கேட்டாள். "அங்கயும் ஆளுங்க இருப்பாங்கடா."

"இருப்பாங்க" என்று பாலா பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டான். இரண்டு முட்டைக்கும் ஆளுக்கு ஒரு வால் வரைந்து ஒன்பது ஆக்கினான். "ஆனா இவங்கதானே என்னைக் கூப்பிட்டாங்க?"

அப்பா அட்டவணையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இருபத்து நான்காவது வரிசையாக 'ஆட்கள்' என்று எழுதினார். அதைப் பட்டியலின் அடியில் எழுதவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் மேலே, இடுக்கிப் பிடித்து, முதல் வரிசையாக எழுதினார்.

அம்மா அலமாரியைத் திறந்து, கரண்ட் பில்லுக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்தார். திங்கட்கிழமை காலையில் காரைக்குடிக்குப் பதில் போனது.

மே மாதம் மூட்டை கட்டும் வேலை தொடங்கியது. வீட்டு உரிமையாளர் சீனிவாசன் போன் செய்து, அடுத்துக் குடிவருபவர்களுக்குக் காட்ட வீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அப்பா வரவேற்பறையைக் கூட்டித் துடைத்துப் பளபளப்பாக்கினார். "எல்லாரும் தள்ளிப் போங்க, படம் எடுக்கணும்" என்றார்.

பாலா நடுவில் வந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டான்.

"நக்கோ அப்பா! ஆள் இல்லாம எடுக்காதீங்க. இங்க வரப்போற பையன் பயந்துடுவான்."

அப்பா போனை இறக்கினார். மாதங்கி அவரைப் பார்த்தாள். அவர் பாலாவிடம், "சீக்கிரம் போய் எல்லாரையும் கூட்டிட்டு வா" என்று தலையசைத்தார்.

பாலா படிக்கட்டில் தடதடவென்று இறங்கினான். நஸ்ரின் வந்தாள், அவள் அம்மா வந்தார், எதிர்வீட்டு இரட்டையர்கள் வந்தார்கள். ஐந்து மணிக்கு இரண்டு முறை மணி அடித்த நீலச் சட்டைக்காரரையும் மாதங்கி கீழே நிறுத்தி அழைத்து வந்தாள். அவர் பெயர் பழனிசாமி என்பதே அன்றுதான் தெரிந்தது. சேலத்துக்காரராம். "இவ்வளவு நாளா தமிழ்ப் பையனுக்கா மணி அடிச்சேன்?" என்று பாலாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எல்லோரும் நெருக்கியடித்து நின்று கையாட்ட, அப்பா படம் எடுத்து அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் வீட்டு உரிமையாளர் கூப்பிட்டார். "என்ன சார் இது? படத்துல வீட்டையே காணோம், ஒரே ஆளுங்களா இருக்காங்க! எங்கயோ தப்பு நடந்திருக்கு, பாருங்க."

அப்பா படத்தை எடுத்து, பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா சோதிச்சுப் பாத்துட்டேன் சார்" என்றார். "ஒரு தப்பும் இல்ல."